கயிறு இழுக்க ஒரு மோட்டார்

அடுத்த வாரம் முதல் என் மேஜையில் நீங்கள் இருவரும் உட்காரப் போகிறீர்கள். சாலிடரிங் அயர்ன் எந்த டிராயரில் இருக்கிறது, எந்த மல்டிமீட்டர் பொய் சொல்லும், எந்த வாடிக்கையாளர் 'நாளைக்கு வர்றேன்' என்றால் வரவே மாட்டார் என்பதையெல்லாம் முதலாளி சொல்லிவிடுவார். அதற்கு நான் தேவையில்லை. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அரசாங்க வேலை கிடைத்துப் போகிறேன், அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்களைப் போல அறிவுரை எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

போர்ட் பிளேர் டாலிகஞ்சில் நம் கடைக்குச் சோறு போடுவது இன்வெர்ட்டரும் தண்ணீர் மோட்டாரும்தான். ரிமோட் வண்டிகள் சும்மா நடுவில் வந்து சேர்ந்தவை. அதிகாரிகளின் பிள்ளைகள் வைத்திருப்பார்கள், சில சமயம் அதிகாரிகளே வைத்திருப்பார்கள். மணலிலும் கடல்நீரிலும் ஓட்டிவிட்டுக் கொண்டுவருவார்கள். உள்ளே இருக்கும் சாதா மோட்டார் கருகியிருக்கும். அப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பிரஷ்லெஸ் போடலாம்னு சொல்றாங்களே, எந்த மோட்டார் நல்லது?"

நீங்கள் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன்.

ராமையாண்ணனை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். கேபிள் போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் கூலியாக இருந்தவர். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோருடன் வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். சுனாமியில் அங்கே வீடு போனது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். இனி அந்தத் தீவில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கடைக்கு முன்னால் ரோட்டில் நான் ஒரு ரிமோட் லாரியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றலாகிப் போன ஒரு விமானப்படைக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்து, பிறகு வேண்டாம் என்று நம்மிடமே விட்டுப்போன வண்டி அது. பெரிய பெரிய சக்கரங்கள். டீக்கடைப் பக்கம் நின்றிருந்த ஒல்லியான ஓர் ஆள் கிட்டே வந்து குந்தி உட்கார்ந்தார். வண்டி போவதை அவர் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தையே பார்த்தார்.

"தம்பி, இதுக்குப் பின்னால ஒரு கயிறக் கட்டுனா இழுக்குமா?"

"என்ன கயிறுண்ணே?"

"நைலோன் கயிறு. கேபிள் இழுக்கிற கயிறு."

"எவ்வளவு தூரம் இழுக்கணும்?"

"ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம். மேலால இல்ல, அடியால. கொழாய்க்குள்ள."

அவர்கள் வேலை எப்படியென்றால், நம் ஊரில் ஒரு மேடு ஒரு பள்ளம் என்று ரோடு போகிறது அல்லவா, அதன் அடியில் மழைத்தண்ணீர் போகப் பழைய சிமெண்டுக் குழாய்கள் இருக்கின்றன. இருப்பதே ஒரு ரோடு, அதையும் வெட்ட விடமாட்டார்கள். ஆகவே கேபிளை அந்தக் குழாய்கள் வழியாக மறுபக்கம் கொண்டுபோவார்கள். கேபிள் போவதற்கு முன்னால் ஒரு கயிறு போக வேண்டும். நேரான குழாயென்றால் நீளக் கம்பியை விட்டுத் தள்ளலாம். நடுவில் வளைவிருந்தால் கம்பி முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ஓர் ஆள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து போவார்.

"இப்ப யாருண்ணே உள்ள போறது?"

"நான்தான்." சிரித்தார். "எங்க மேஸ்திரி ஆள் எடுக்கிறப்ப ஊர் கேக்க மாட்டார், பேர் கேக்க மாட்டார். தோளத்தான் அளந்து பாப்பார். நம்ம தோள் அவருக்குப் புடிச்சுப் போச்சு."

நானும் சிரித்தேன். அவர் கொஞ்ச நேரம் வண்டியின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, யாரோ வேறொருவரின் நோயைச் சொல்வது போலச் சொன்னார்.

"உள்ள போனா தண்ணி வர்ற சத்தம் கேக்குது தம்பி. காஞ்சு கெடக்கிற கொழாய்லயும் கேக்குது. கச்சால்ல அன்னிக்குக் கூரைத் தகரம் மேல விழுந்து, அதுக்கடியில கெடந்தேன். தண்ணி ஏறி ஏறி வருது, எழும்ப ஏலாது. எப்பிடி வெளிய வந்தேன்னு கேட்டா எனக்கே வெளங்காது. இப்ப ஒவ்வொரு கொழாயும் எனக்கு அதுதான். போகாட்டி வேல இல்ல. அதனால பல்லக் கடிச்சிக்கிட்டுப் போறேன்."

இதுதான் பிரச்சினை. ஒரு வண்டிக்கு மோட்டார் தேர்ந்தெடுப்பது என்பது என் வேலை. அவருக்கு அது இனிமேல் அந்தக் குழாய்க்குள் போகாமல் இருப்பது.

அந்த வாரமே வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். மேஸ்திரி மதுரைப் பக்கத்துக்காரர். இருபது வருடத்துக்கு மேல் தீவில் இருந்து பேச்சில் பாதி ஹிந்தி ஆகிவிட்டவர். ஒரு சின்னக் குழாயில் கயிற்றைக் கட்டி வண்டியை விட்டோம். கொஞ்ச தூரம் போய், பழைய மோட்டார் புகைந்து நின்றது. குழாய் வாயிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

"அரே, ஊதுபத்தி நல்லா எரியுது தம்பி," என்றார் மேஸ்திரி. "அப்படியே சூடமும் காட்டிருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ராமையாண்ணன் சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்து வண்டியை வெளியே இழுத்து, சக்கரத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். நான் அவமானப்பட்டதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"இது பிரஷ் மோட்டார். இதுல இவ்வளவுதான் முடியும். மெயின்லேண்டுலேர்ந்து பிரஷ்லெஸ் வரவழைச்சுப் போட்டா போதும். ராமையாண்ணே, இனிமே நீங்க உள்ள போக வேணாம்."

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சலேகா க்யா? சத்தியமா ஓடுமா?"

"ஓடும்."

"படிச்ச தம்பி சொல்லுது, ஓடும்," என்று ராமையாண்ணன் எனக்காகப் பேசினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கியவர். டிப்ளமோ என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தமென்றால், அதற்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது என்று அர்த்தம். மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கேட்பார்கள், அம்மாவுக்குத் தலை சுற்றினாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லிவிடுவேன். 'தெரியாது' என்பது ஒரு பதில் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உங்களில் ஒருவர் வீட்டிலும் இப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். ஜாக்கிரதை.

செலவை கான்ட்ராக்டர் ஏற்றுக்கொண்டார். நான் சென்னைக் கடைக்கு போன் செய்தேன். எடுத்தவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. வயதான குரல், அவசரமில்லாத குரல். வண்டியின் எடை கேட்டார், சக்கர அளவு கேட்டார். அப்புறம் கேட்டார்:

"ஓடிக்கிட்டே இழுக்கணுமா சார், இல்ல நின்ன எடத்துலேர்ந்து இழுக்கணுமா?"

"ஓடிக்கிட்டேதான்."

"நடுவுல எங்கயும் நிக்காதா?"

"நிக்காது சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. நின்னு கிளம்பற வேலைன்னா சென்சார் வச்சதா எடுங்க. வாட்டு கம்மியா இருந்தாலும் பரவாயில்ல. நீங்க கேக்கற இந்தப் பெரிய மோட்டார் ரேஸ் ஓட்டறவங்க வாங்கறது."

சென்சார் என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். சாதா மோட்டாரில் கரித்துண்டு பிரஷ் செய்கிற, சுழலியைத் தள்ளிவிடுகிற வேலையை, பிரஷ்லெஸ் மோட்டாரில் கன்ட்ரோலர் செய்கிறது. தள்ளுவதற்கு, உள்ளே சுழலி எந்த நிலையில் நிற்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். சென்சார் இருந்தால் தெரியும். இல்லாவிட்டால், மோட்டார் சுற்றும்போது திரும்பி வருகிற மின்சாரத்தை வைத்து ஊகிக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஊஞ்சல் ஆட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தால் கையில் பட்டுப்பட்டுப் போகும், தள்ளிவிடலாம். நின்றிருந்தால் எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சென்சார் வேண்டாம் என்றேன். ஏனென்றால் சென்சாருக்கென்று தனியாக மெல்லிய ஒயர்கள் வரும், அதற்கொரு குட்டி கனெக்டர் வரும். இந்த ஊர் உப்புக்காற்றில் மெல்லிய ஒயர் எத்தனை நாள் இருக்கும்? கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். நம் கடையில் பாதி ரிப்பேர் அந்தப் பச்சைதான். இணைப்பு குறைந்தால் தொல்லை குறையும் என்பது இங்கே நாம் எல்லோரும் பழகியது.

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. எதையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. கப்பலில் வருகிற சாமானைத் திருப்பி அனுப்பி மாற்ற முடியாது. அதனால் பம்ப் வாங்கினால் ஒரு அளவு கூட, பேட்டரி வாங்கினால் ஒரு அளவு கூட, பிள்ளைக்குச் செருப்பு வாங்கினால்கூட ஒரு அளவு கூட. தீவில் இதைத் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் இருப்பதிலேயே வாட் அதிகமான மோட்டாரைக் கேட்டேன்.

"இங்க உப்புக்காத்து சார். சென்சார் ஒயர் தாங்காது. அப்புறம் இதக் கப்பல்ல மறுபடி மாத்த முடியாது. பெருசாவே அனுப்பிடுங்க."

"உங்க இஷ்டம் சார். எடத்தப் பாத்தவர் நீங்க," என்றார் அவர்.

இடத்தை நான் பார்த்திருந்தேன். குழாய் வாயில் நின்று பார்த்திருந்தேன். உள்ளே பார்த்தவர் ராமையாண்ணன் ஒருவர்தான். உள்ளே எப்படி இருக்கும், எங்கே சேறு, எங்கே குழாய் மூட்டு உடைந்திருக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்த பிறகாவது கேட்டிருக்கலாம். அவர் அப்போது டீக்கடையில்தான் இருந்தார்.

மோட்டார் வரத் தாமதமானது. கப்பல் தள்ளிப்போனது, பிறகு பார்சல் ஏறவில்லை என்றார்கள், பிறகு கடல் சரியில்லை. அதுவரை வளைவுள்ள குழாய்களை மேஸ்திரி ஒதுக்கி வைத்துவிட்டு வெளி வேலைகளை மட்டும் பார்த்தார். மின்னி பே பகுதியில் கடலோரமாகப் பள்ளம் தோண்டினார்கள். நான் சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் ராமையாண்ணன் மண்வெட்டியை ஊன்றி நின்று கை காட்டுவார். அந்த நாட்களில் அவர் கொஞ்சம் சதை போட்டார். உண்மையாகவே கன்னத்தில் தெரிந்தது.

"என்ன ராமையா, தொப்பை தள்ளுது? இனி கொழாய்ல நுழைஞ்சா கார்க் மாதிரி மாட்டிக்குவ," என்பார் மேஸ்திரி.

"இனி நான் எதுக்கு நுழையுறேன் மேஸ்திரி? அதுக்குத்தான் தம்பியோட லாரி வருதே. நீங்கதான் இனி எனக்கு இந்த ஒடம்புக்கேத்த வேல பாத்துத் தரணும்."

"மோட்டார் வரட்டும். ஒனக்கு நாற்காலி போட்டு ரிமோட்ட கையில குடுக்கிறேன்."

மோட்டார் வந்தது. பொருத்தினேன். கடைக்கு முன்னால் ரோட்டில் விட்டால் கண்ணுக்குத் தெரியவில்லை, அப்படிப் பறந்தது. பின்னால் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் ஒரு ஸ்கூட்டர் டயரைக் கட்டி ஓட்டினேன். கயிறு தளர்வாகக் கிடக்க வண்டி கிளம்பி, வேகமெடுத்து, டயரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனது. தெருவே கை தட்டியது. "தம்பி, இது கப்பலயே இழுத்துரும்," என்றார் ராமையாண்ணன்.

என் சோதனையில் என்ன குறை என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் ஓட்டிப் பார்த்தேனே தவிர, நிறுத்திப் பார்க்கவில்லை. பாரம் பின்னால் இருக்க, வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்க்கவில்லை.

வேலை மின்னி பேக்கு இறங்குகிற சரிவில். குழாய்க்குக் கீழே வரிசையாக வீடுகள். மழைக்காலம் தொடங்கப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வாரம். காலையில் வெயில் அடித்தது. வண்டியின் முன்னால் சின்ன விளக்கு கட்டி, பின்னால் கயிற்றை முடிந்து, குழாய்க்குள் விட்டேன். வெளிச்சம் சிறுத்துச் சிறுத்துப் போய் வளைவில் மறைந்தது. கயிறு கைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி என் தோளில் தட்டினார். அப்போது கயிறு நின்றது.

சேற்றில் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். ரிமோட்டை அழுத்தினேன். குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டக், டக், டக். திக்குவாய்க்காரர் ஒரே எழுத்தில் நின்று போராடுவது போல. மோட்டார் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை. அதற்குள் பின்னால் கிடக்கும் கயிறு முழுவதும் குழாய்ச் சேற்றில் நனைந்து கனத்திருந்தது. வண்டி முன்னே போகப் போக அந்தக் கனம் கூடிக்கொண்டே இருந்திருக்கிறது. சென்னைக்காரரிடம் நான் வண்டியின் எடையைத்தான் சொல்லியிருந்தேன். கயிற்றின் எடையைச் சொல்லவே இல்லை. பெட்டியில் போட்டிருந்த அத்தனை வாட்டும் ஓடும்போது கிடைக்கிற வாட். நின்ற இடத்தில் அதில் எதுவும் கைக்கு வராது.

கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்தோம். கொஞ்சம் வந்து, எதிலோ கொளுவி நின்றது. இன்னும் பலமாக இழுத்தால் முடிச்சு அறுந்து வண்டி உள்ளேயே தங்கிவிடும்.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். நான் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தேன். "ஒரு நிமிஷம் மேஸ்திரி, இப்ப கிளம்பிடும்." பேட்டரி இறங்குகிறது. "இன்னும் ஒரு தடவ." கருகும் வாசனை வருகிறது. "இப்ப பாருங்க." முதல் டக் கேட்டபோதே எனக்குத் தெரியும், இது கிளம்பாது. சென்சார் இல்லாத மோட்டார் பாரத்தோடு நின்றுவிட்டால் கிளம்பாது என்பதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அப்போதே 'ஆகாது, வேற வழி பாக்கலாம்' என்று சொல்லியிருந்தால் வெயில் இருந்தது, பகல் முழுவதும் இருந்தது. மறுபக்கத்திலிருந்து கொக்கிக் கம்பி விட்டுப் பார்த்திருக்கலாம். ஆள் அனுப்பி நீளக் கம்பி இன்னொன்று கொண்டுவந்திருக்கலாம். நான் நிறுத்தி நிமிர்ந்தபோது கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டிருந்தது.

மேஸ்திரி இப்போது கிண்டல் பேசவில்லை. "தம்பி, மழ வந்தா இந்தக் கொழாய்ல தண்ணி வரணும். உள்ள லாரி அடைச்சுக்கிட்டுக் கெடந்தா தண்ணி ரோட்டு மேல ஏறி அந்த வீடுகள்ல எறங்கும். இப்ப எடுத்தாகணும். ஜல்தி."

"நான் போறேன்," என்றேன்.

"நீங்க மாட்டிக்கிட்டா ஒங்கள எடுக்க யாரு போறது? சும்மா இருங்க."

யாரும் ராமையாண்ணனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருந்தோம் என்பதுதான் சரி. அவர் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு கல்லின் மேல் வைத்தார். குழாய் வாயில் மண்டியிட்டார். உடனே போகவில்லை. முன்பெல்லாம் எப்படிப் போவார் என்று நான் பார்த்ததில்லை. மேஸ்திரி பிறகு சொன்னார், முன்பெல்லாம் சட்டென்று போய்விடுவாராம், தண்ணீரில் குதிக்கிறவர் மாதிரி. அன்று முழங்கையை உள்ளே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. வேறு வழி இருக்கிறதா, சொல்லப் போகிறேனா என்று பார்க்கிற பார்வை. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

போனார். சதை போட்ட உடம்பு, தோளில் சிமெண்டு உரசுகிற சத்தம் கேட்டது. அவர் வளைவைத் தாண்டியிருக்க வேண்டிய நேரத்தில் முதல் தூறல் விழுந்தது. குழாய்க்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. வார்த்தை எதுவும் இல்லை. மேஸ்திரி குழாய் வாயில் குனிந்து, "ராமையா, தண்ணி இல்லப்பா, சும்மா தூறல்தான், தண்ணி இல்ல," என்று கத்திக்கொண்டே இருந்தார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

மறுபக்கம் ஓடினோம். முதலில் வண்டிதான் வெளியே வந்து விழுந்தது. பிறகு கைகள். வண்டியிலிருந்து அவிழ்த்துக் கட்டிய கயிறு இடுப்பில். அதாவது வேலை முடிந்துவிட்டது. கயிறு ரோட்டைக் கடந்துவிட்டது. பெரிய மழை பிடிப்பதற்குள் கேபிளும் போய்விட்டது. கான்ட்ராக்டரைக் கேட்டால் அன்று எந்தத் தவறும் நடக்கவில்லை என்றுதான் சொல்வார். ராமையாண்ணனுக்கு டீ கொடுத்தார்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மறுபக்கம் போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டார். தோள் இரண்டும் தோலுரிந்திருந்தது. என்னிடம் அவர் எதுவும் கதைக்கவில்லை. கதைப்பது என்பது அவருடைய சொல், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு மேஸ்திரி கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ராமையா கப்பல் ஏறிட்டான் தம்பி. குடும்பத்தோட."

"மெயின்லேண்டுக்கா?"

"கச்சாலுக்கு. தோட்டத்துல ரப்பர் பால் வெட்டப் போறானாம். அந்தத் தீவுப் பேரக் கேட்டாலே எச்சியத் துப்புற ஆளு. அங்கயே போயிட்டான்." ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு எழுந்தார். "ஒங்கள ஒண்ணும் சொல்லல. தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்கன்னுதான் சொன்னான்."

அதற்குப் பிறகு நான் சென்னைக்கு மறுபடி போன் செய்தேன். அதே குரல். நடந்ததை அவரிடம் முழுக்கச் சொல்லவில்லை. நின்று கிளம்ப வேண்டும், ஈரக் கயிறு, இவ்வளவு கனம் என்று மட்டும் சொன்னேன். "சரி சார், இப்ப புரியுது," என்றார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லாததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். சின்ன மோட்டார் வந்தது. மெதுவான மோட்டார். சென்சார் வைத்தது. மெல்லிய ஒயர் உப்பில் போய்விடும் என்று பயந்தேனே, கனெக்டரில் கிரீஸ் தடவி, மேலே ரப்பர் குழாய் மாட்டினேன். அவ்வளவுதான் அதற்கான வைத்தியம். தினமும் இந்த வேலை செய்கிற நமக்கு அது தெரியாததா?

இந்த முறை தெருவில் பந்தா எதுவும் செய்யவில்லை. நனைந்த கயிற்றைச் சுற்றிப் பாரமாகக் கட்டி, வண்டியை மணலில் நிறுத்தினேன். கிளப்பினேன். நிறுத்தினேன். கிளப்பினேன். பார்க்க ஒன்றுமில்லை என்று கூட்டம் போய்விட்டது. மோட்டார் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் இவ்வளவுதான்: எது வேகமாக ஓடுகிறது என்று பார்க்காதீர்கள், நடுவழியில் நின்றால் எது மறுபடி கிளம்புகிறது என்று பாருங்கள்.

அடுத்த குழாயில் அந்த வண்டி கயிற்றை இழுத்துக்கொண்டு போனது. வளைவில் நானே நிறுத்தினேன். மேஸ்திரி பதறினார். மறுபடி அழுத்தினேன். சத்தமே இல்லாமல் கிளம்பி மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த கேபிள் கூட்டத்தில் யாரும் குழாய்க்குள் போகவில்லை.

அன்று மாலையே கச்சாலுக்கு போன் போட்டேன். லைன் கிடைத்து, அறுந்து, மறுபடி கிடைத்தது. தோட்டத்துக்காரர் ஒருவர் போய் அவரைக் கூட்டி வந்தார்.

"அண்ணே, வண்டி போயிடுச்சு. நடுவுல நிறுத்திக் கிளப்புனேன். கிளம்புச்சு."

"அப்பிடியா தம்பி. நல்லது."

"இனி யாரும் உள்ள போக வேண்டியதில்ல. நீங்க வந்துருங்கண்ணே. மேஸ்திரியும் வரச் சொல்றார். ரிமோட் ஓட்ற வேலதான்."

இரைச்சலுக்கு நடுவே கேட்க ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இல்ல தம்பி. எனக்கு இது போதும்."

"எம்மேல கோபமாண்ணே?"

"சீச்சீ. கோபம் எதுக்கு? மிஷின்னா நிக்கும்தான். நின்னா மறுபடி என் தோளத்தான் பாப்பாங்க." அவர் சொல்லத் தயங்குவது எனக்குக் கேட்டது. "தம்பி, நான் எவ்வளவு காலமா கொழாய்க்குள்ள போயிருக்கேன். பயந்தாலும் போவேன். பயத்த ஒரு மாதிரி அமுக்கிப் புடிச்சுப் பழகியிருந்தேன். நீங்க இனி போக வேணாம்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி கைய விட்டுட்டேன். மோட்டார் வர்ற வரைக்கும் நல்லாத் தூங்குனேன். சாப்பாடு எறங்குச்சு. விட்டதத் திரும்பப் புடிக்கச் சொன்னா ஏலாது தம்பி. அன்னிக்கு உள்ள போன மாதிரி நான் ஒருநாளும் போனதில்ல."

பிறகு அவரே, "அம்மா அப்பா சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். லைன் போய்விட்டது. மறுபடி முயற்சி செய்தேன், கிடைக்கவில்லை. அதன் பிறகு நான் முயற்சி செய்யவில்லை.

தவறான மோட்டாரை மாற்றிவிடலாம், கப்பலில் வந்தாலும் மாற்றிவிடலாம். நான் மாற்றினேன். ஆனால் மோட்டாருக்கு போன் செய்வதற்கு முன்னால், எடையைக் கேட்பதற்கு முன்னால், குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், பல பேர் நடுவில் நின்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். நம் மேஜைக்கு வருகிறவர்கள் அந்த வார்த்தைக்காகத்தான் வருவார்கள். உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். தண்ணீர் ஏறாத பம்பாக இருக்கலாம், நின்றுபோன இன்வெர்ட்டராக இருக்கலாம். அவர்கள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சொல்லத் தோன்றும். வேலையை முடித்து, நிறுத்தி, கிளப்பி, மறுபடி நிறுத்திப் பார்க்கும் வரை அதைச் சொல்லாதீர்கள். 'பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். அதைக் கேட்டு யாரும் பிடித்திருக்கும் கையை விட்டுவிட மாட்டார்கள்.